திரைப்படத்தைக் கலையாகப் படித்தல்: வன்னிப் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பகுதிகளில் வாசிகசாலைகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் படம் காட்டிப் பேசுகின்ற சிறு கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சில கேள்விகளுக்கு நீண்ட விடை தேவைப்பட்டது. சிலவற்றுக்குச் சில வரிகளே போதுமாயின.

படம் பார்த்துவிட்டு நல்லது, கூடாது என்று எல்லோருந்தான் சொல்கிறோம். விமர்சன நோக்கில் படிப்பது என்பது அதற்கு மேல் என்ன?

தீர்ப்புச் சொல்வது எவருக்கும் எளிது. அத்தீர்ப்புக்கான காரணத்தைப் படத்துக்குள்ளேயே தேடி எடுத்துக் காட்டுவதுதான் படிப்பு. ஒரு காட்சி மனத்தை உருக்கியது என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தில் கமரா எங்கே நின்றது, யாருடைய முகம் தெரிந்தது, யாருடைய முகம் மறைந்திருந்தது, காட்சி எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன ஒலி கேட்டது என்று அவரை மேலும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை தேடும்போதுதான் உருக்கம் கதையிலிருந்து வந்ததா, நடிப்பிலிருந்து வந்ததா, அல்லது வயலின் இசையை உரக்க வைத்து நம்மிடமிருந்து பறித்தெடுக்கப்பட்டதா என்பது தெரியவரும்.

கதை நாவலுக்கும் நாடகத்துக்கும் கூத்துக்கும் பொதுவானது. திரைப்படத்துக்கே உரியவை சட்டகமும் (திரையின் நான்கு ஓரங்களுக்குள் அடங்கும் காட்சிப்பரப்பு), ஒளியும், அசைவும், ஒரு துண்டை அடுத்த துண்டோடு ஒட்டும் படத்தொகுப்பும், திரையில் தெரியும் படிமத்தோடு சேரும் ஒலியும் ஆகும். நமது பத்திரிகைகளில் வெளிவரும் திரை விமர்சனங்களிற் பெரும்பாலானவை கதைச் சுருக்கத்துக்கு முக்கால் பங்கையும் நடிகர்களைப் பற்றிய புகழுரைக்கு மிச்சத்தையும் கொடுத்துவிடுகின்றன. படம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதற்கு அங்கே இடமிருப்பதில்லை.

சினிமா பொழுதுபோக்குத்தானே? அதை ஒரு கலையென்று யார், எப்போது ஏற்றுக்கொண்டார்கள்?

1895 டிசம்பர் 28ஆம் திகதி பரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டியபோது அது ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது. கமரா தானாகவே உலகைப் பதிவுசெய்கிறது, அதில் கலைஞனுக்கு என்ன வேலை என்பதுதான் தொடக்கத்தில் எழுந்த மறுப்பு. அதற்குச் சோவியத் நாட்டிலிருந்து ஒரு விடை வந்தது. லெவ் குலெஷோவ் என்பவர் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒரு கோப்பை சூப்பு, ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகியவற்றின் படங்களோடு மாறி மாறி ஒட்டிக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டு நடிகரைப் பாராட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பொருள் ஒரு படிமத்துக்குள் மட்டும் இல்லை, இரண்டு படிமங்கள் சந்திக்கும் இடத்திலும் பிறக்கிறது என்பது இதன் முடிவு. ஐசென்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தின் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சி இந்தக் கொள்கையின் உச்சம். படிகளில் ஓடி இறங்கச் சில விநாடிகளே போதும், ஆனால் படத்தொகுப்பு அந்தக் கொடுமையை நீட்டி நீட்டி நம்மை அதற்குள்ளே நிறுத்திவைக்கிறது.

பிரெஞ்சுத் திரை விமர்சகர் ஆந்திரே பஸான் இதற்கு எதிர்த் திசையிலிருந்து வந்தார். 1951இல் ‘கையே து சினமா’ இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அவர், காட்சியை வெட்டாமல் நீள விட்டு, முன்னாலுள்ளதையும் பின்னாலுள்ளதையும் ஒரே தெளிவோடு காட்டினால் பார்வையாளர் தாமே தேடிப் பார்க்கும் சுதந்திரம் பெறுவார் என்று வாதிட்டார். வெட்டி ஒட்டுவதா, வெட்டாமல் விடுவதா என்ற இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு காட்சியை எப்படிப் பகுத்துப் பார்ப்பது? எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் இறுதிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம் தேவை. வேலை கிடைத்த முதல் நாளே அன்டோனியோவின் சைக்கிள் களவு போகிறது. மகன் புரூனோவோடு நகரெங்கும் தேடியலைந்து, கடைசியில் ஒரு விளையாட்டரங்கின் வெளியே தெருவோரத்தில் இருவரும் அமர்கிறார்கள். அரங்கின் வெளியே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள் நிற்கின்றன. சற்று அப்பால் ஒரு வாசலோரம் ஒற்றைச் சைக்கிள் ஒன்று கேட்பாரற்று நிற்கிறது. உள்ளேயிருந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது.

இந்த இடத்தில் எவரும் எதுவும் விளக்கிப் பேசுவதில்லை. அன்டோனியோ எழுகிறார், நடக்கிறார், திரும்புகிறார், மறுபடியும் அமர்கிறார். அவருடைய பார்வையும் சைக்கிள்களும் மாறி மாறிக் காட்டப்படுவதால் அவருடைய எண்ணம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் திருடுவதற்கு முன்பே நாம் மனத்தால் திருடிவிடுகிறோம். மகனை ட்ராமில் போகச் சொல்லி அனுப்பிவிட்டு அவர் அந்த ஒற்றைச் சைக்கிளை எடுக்கிறார், பிடிபடுகிறார். ட்ராமைத் தவறவிட்ட புரூனோ இதைப் பார்த்துவிடுகிறான். கமரா அவனுடைய முகத்துக்குப் போவதுதான் இக்காட்சியின் அச்சாணி. அதுவரை ஒரு களவாக இருந்த செயல் அந்த முகத்தைக் கண்ட பின்னர் ஒரு தகப்பனின் மானமாக மாறிவிடுகிறது. சைக்கிளின் சொந்தக்காரரும் அந்தப் பிள்ளையைப் பார்த்த பின்னரே வழக்கு வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்.

தகப்பனாக வந்தவர் தொழில்முறை நடிகரல்லர். லம்பர்ட்டோ மஜோரானி என்ற ஆலைத் தொழிலாளி. எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் விறகும் தேங்காயும் நோயாளியும் சைக்கிளிலேயே போய்வந்த ஊர்கள் நமது. ஒரு சைக்கிள் போனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது என்பதை இப்படம் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நெருக்கம் உதவுவது போலவே ஏமாற்றவும் கூடும். நம் அனுபவத்தை நினைத்து அழுததைப் படத்தின் திறமையென்று எண்ணிவிடலாம். அதனாலேயே காட்சியின் அமைப்பைத் தனியே எழுதிப் பார்ப்பது அவசியமாகிறது.

ஒலியைப் பற்றி அதிகம் பேசுவதில்லையே?

பேசவேண்டும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்தில் மகள் துர்கா இறந்தது தெரியாமல் தகப்பன் வெளியூரிலிருந்து திரும்பி, அவளுக்கென்று வாங்கிவந்த சேலையைத் தாயிடம் நீட்டுகிறான். தாய் சர்பஜயா அதைக் கடித்துக்கொண்டு கதறுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ‘தார் ஷெனாய்’ என்ற இசைக்கருவியின் உச்ச ஒலி மட்டும் எழுகிறது. உண்மையான அழுகுரலை நீக்கியதால் அழுகை குறையவில்லை. செத்த வீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த நாம், குரலை எடுத்துவிட்டும் துயரத்தைக் கேட்கச் செய்யலாம் என்பதை இங்கே காண்கிறோம். தமிழ்ப் படங்களில் சாவு வந்தவுடன் பின்னணி இசை கொட்டப்படுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பாட்டும் நீண்ட வசனமும் தமிழ்ப் படங்களின் குறைகள் என்று விமர்சகர்கள் சொல்கிறார்களே?

எல்லா விமர்சகர்களும் அல்லர். சொல்பவர்களும் ஐரோப்பிய யதார்த்தப் படங்களை அளவுகோலாக வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, ஒரு பாத்திரம் தன் துயரத்தைப் பாடிச் சொல்வதில் எந்த முரண்பாடும் தோன்றாது. கூத்து ஆடப்படும் களரியில் கண்ணகி பாடுவது அவள் பேசுவதற்குச் சமம். ஆகவே பாட்டு இருப்பது குறையாகாது. பாட்டு முடிந்த பிறகு கதையிலோ பாத்திரத்திலோ ஏதாவது மாறியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பாட்டை எடுத்துவிட்டாலும் படம் அப்படியே நிற்குமானால், அது தயாரிப்பாளரின் கணக்குக்காகச் சேர்க்கப்பட்டது என்று தயங்காமல் எழுதலாம்.

வசனத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ‘பராசக்தி’ (1952) படத்தின் நீதிமன்றக் காட்சியில் ஆற்றல் முழுவதும் குரலிலும் மொழியிலும் இருக்கிறது. கமரா பெரும்பாலும் பேச்சாளருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அது மேடைக் கலையின் நீட்சி, அவ்வகையில் வலிமையானது. 1979இல் மகேந்திரன், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ இறுதியில், ஊரார் ஒரு மனிதனை ஆற்றுக்கு நடத்திச் செல்கிறார்கள். அங்கே சொற்ப வார்த்தைகளும் நீரும் முகங்களும் போதுமாயிருக்கின்றன. முன்னதைக் கேட்டும் பின்னதைப் பார்த்தும் அனுபவிக்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது இரண்டுக்கும் அநியாயம்.

இதனோடு ஒட்டி இன்னொன்றையும் சொல்லவேண்டும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படமும் அரசியல் தொடர்பாடலும் பற்றி எழுதியபோது, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்வொன்றைப் பார்த்த முதல் இடம் திரையரங்கே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதிப்படிநிலையன்று, கையிலிருந்த காசு என்றும் சுட்டிக்காட்டினார். படத்தின் உள்ளடக்கம் பிற்போக்காக இருந்த காலத்திலும் படம் பார்க்கும் செயல் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது இதிலிருந்து புரிகிறது.

இயக்குநர்தான் படத்தின் உண்மையான ஆசிரியரா?

1954இல் பிரெஞ்சு விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கொள்கை அது. ஒரே இயக்குநரின் பல படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது திரும்பத் திரும்ப வரும் அக்கறைகளைக் கண்டுபிடிக்க அது நன்கு உதவும். ஆனால் தமிழில் பல படங்களின் போக்கை நாயக நடிகரே தீர்மானித்திருக்கிறார். எம்.ஜி.ஆரைப் பற்றி மக்கள் மனத்தில் நிற்கும் படிமம் படத்துக்குப் படம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய படங்களுக்கு இயக்குநரின் பெயரைத் தேடுவதைவிட நடிகரின் படிமத்தை ஆராய்வது பொருத்தமானது.

வன்னியைப் பற்றி வெளியாட்கள் எடுத்த படங்களை வன்னியில் இருப்பவர் எப்படிப் பார்ப்பது?

இதுவே எல்லாக் கூட்டங்களிலும் அதிகம் வாதிடப்படும் கேள்வி. வழக்கமாக விவாதம் “அது எங்கள் ஊர் மாதிரி இல்லை” என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) மாங்குளத்தில் தொடங்குவதாகக் கதை. அது எடுக்கப்பட்ட காலத்தில் ஓர் இந்தியப் படக்குழு மாங்குளத்தில் வந்து ஒளிப்பதிவு செய்யும் நிலைமை இருக்கவில்லை. எனவே மரஞ்செடிகளிலும் பேச்சு வழக்கிலும் நாம் வேறுபாடு காண்பது இயல்பே. இது கவனிக்கத்தக்கதுதான், எனினும் சிறிய குறை. பெரிய கேள்வி, படம் யாருடைய கண்ணால் பார்க்கிறது என்பது. பிறந்த மண்ணில் தாயைத் தேடிவரும் பிள்ளையோடும் அவளை வளர்த்த சென்னைக் குடும்பத்தோடும் கமரா கூடவே நடக்கிறது. பெற்ற தாய் சியாமா படத்தின் தொடக்கத்தில் தோன்றி, இறுதியில் ஒரு பூங்காவில் சிறிது நேரம் வந்து, பிள்ளையின் கேள்விகளுக்கு முகங்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். இடையிலுள்ள ஆண்டுகளில் அவள் என்னவானாள் என்பது படத்துக்கு வெளியே நிற்கிறது. பிள்ளையின் கதையாக இது செம்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. சியாமாவின் கதை இன்னும் எடுக்கப்படாமலே இருக்கிறது. இவ்விரு வாக்கியங்களையும் ஒருசேரச் சொல்லும் மனநிலையையே விமர்சனம் கேட்கிறது.

ஜாக் ஒடியாரின் ‘தீபன்’ 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. போர் முடிந்த வேளையில் முன்னாள் போராளி ஒருவரும் அவருக்கு உறவே இல்லாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் குடும்பமென்று நடித்துப் பிரான்சுக்குப் போகிறார்கள். உரையாடலின் பெரும்பகுதி தமிழ். நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. மூவரும் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரே கூரையின் கீழ் வாழப் பழகும் முற்பகுதி மிக நுட்பமானது. இறுதியில் படம் துப்பாக்கிச் சண்டைப் படமாகத் திரும்புகிறது. வன்னியிலிருந்து போன மனிதரின் உள்ளே உறங்குவது வன்முறை மட்டுமே என்று அந்தத் திருப்பம் நம்மை எண்ண வைக்கிறதா என்பது கேட்கத்தக்க கேள்வி. விருது கிடைத்தமையால் அக்கேள்வி தள்ளுபடியாகிவிடாது.

மூன்றாவதாக, தெற்கிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு சிங்களப் படத்தை இங்கே அவசியம் பார்க்கவேண்டும் என்பேன். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த ‘புரஹந்த களுவர’வில் கண்பார்வையற்ற ஒரு முதியவரிடம், படையிலிருந்த மகனின் உடலென்று முத்திரையிட்ட பெட்டியொன்று ஒப்படைக்கப்படுகிறது. மகன் இறந்ததை அவர் ஏற்கவில்லை. நட்டஈட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஒருநாள் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கையில் உள்ளே வாழைத்தண்டும் கல்லும் கிடைக்கின்றன. பார்வையற்றவரே உண்மையைக் காண்கிறார் என்பது எளிய உருவகமாகப் போயிருக்கக்கூடும். வறண்ட குளத்துப் படுகையும், அவசரப்படாத கமராவும், ஜோ அபேவிக்கிரமவின் அடக்கமான நடிப்பும் அதைக் காப்பாற்றுகின்றன. இப்படத்தில் வன்னி ஒரு சட்டகத்திலும் வருவதில்லை. ஆனாலும் இங்கே நடந்த போரின் மறுமுனையில் ஓர் ஏழை வீட்டில் என்ன நடந்தது என்பது தெரிகிறது. காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையிலேந்தி வீதியோரம் இருக்கும் தாய்மாரின் ஊரிலிருந்து இதைப் பார்ப்பவருக்கு, உடலைக் காணாமல் சாவை ஏற்க மறுக்கும் அந்த முதியவரைப் புரிந்துகொள்ளப் பொழிப்புரை வேண்டியதில்லை.

வன்னிப் பார்வையாளர் என்று ஒருவரைக் கற்பனை செய்வதும் பிழை என்பதை இடையில் குறித்துவிடுகிறேன். பழங்குடிகளாக இருந்தவர்கள், குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் ஆகிய எல்லோரும் ஒரே படத்தை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதுமில்லை.

போர்க்காலத்தில் வன்னியிலேயே எடுக்கப்பட்ட படங்களைக் கலையாகக் கருதலாமா? அவை பரப்புரைதானே?

விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு அக்காலத்தில் குறும்படங்களையும் முழுநீளப் படங்களையும் போர்க்களப் பதிவுகளையும் வெளியிட்டது. மின்சாரமில்லாத ஊர்களில் ஜெனரேற்றர் போட்டு, ரிவியும் டெக்கும் வைத்து, கொட்டில்களில் அவற்றைப் பார்த்தவர்கள் இன்றும் பலர் இருக்கிறார்கள். போர் வெற்றியைக் கொண்டாடி தெற்கில் எடுக்கப்பட்ட படங்களும் உள்ளன. பரப்புரை என்று பெயர் சூட்டிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை இரண்டுக்கும் விலக்க வேண்டும். அந்தப் பெயரைச் சூட்டும் இடத்திலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

உலகத் திரைப்படக் கல்வியே இந்தச் சங்கடத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. கிரிஃபித்தின் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ (1915) படத்தொகுப்பின் வரலாற்றில் தவிர்க்க முடியாத படம். கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் இயக்கத்தை மீட்பர்களாகக் காட்டும் படமும் அதுவே. லெனி ரீஃபென்ஸ்டாலின் ‘மனவுறுதியின் வெற்றி’ (1935) நாசிக் கட்சி மாநாட்டை ஒரு தெய்வீகச் சடங்காக மாற்றுகிறது. இவற்றில் தொழில்நுட்பம் வேறு, கருத்து வேறு என்று பிரித்துத் தப்பிக்க முடியாது. அழகே அங்கே கருத்தை ஏற்றிச் செல்லும் வாகனமாக இருக்கிறது. நமது பக்கத்துப் படங்களிலும் இதையே கேட்க வேண்டும்: சாகப் போகும் இளைஞனின் முகம் எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் காட்டப்படுகிறது? அவனுடைய தயக்கத்துக்குப் படம் ஒரு நிமிடமாவது கொடுக்கிறதா? தாய் “போகாதே” என்று சொல்லும் காட்சி எவ்விடத்தில் வெட்டப்படுகிறது? பிள்ளைகளை இழந்தவர்கள் உள்ள சபையில் இதைப் பேசுவது கடினம். குரலைத் தாழ்த்திப் பேசலாம், பேசாமல் விடலாகாது.

இறந்த உடல்களையும் இறுதிப் போரின் அழிவையும் திரையில் காட்டுவது சரியா?

இக்கேள்விக்கு ஒரு பழைய வாதம் உதவுகிறது. ஜில்லோ பொன்டெகோர்வோ நாசி வதைமுகாமைப் பற்றி 1960இல் ‘காப்போ’ என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு பெண் மின்வேலியில் பாய்ந்து உயிரை விடுகிறாள். கமரா அவளை நோக்கி மெல்ல நகர்ந்து, அவளுடைய உடலை அழகிய ஒரு சட்டகத்துக்குள் பொருத்திக்கொள்கிறது. 1961இல் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெட் எழுதிய கட்டுரை, அந்த நகர்வைச் செய்தவர் ஆழ்ந்த இகழ்ச்சிக்குரியவர் என்று கண்டித்தது. ஓர் உடலைச் சட்டகத்துக்குள் சீராக அமைக்க எடுத்துக்கொண்ட அக்கறையே ஒழுக்கக்கேடு என்பது அவர் வாதம். கமராவின் நகர்வு நடுநிலையான தொழில்நுட்பம் அன்று, அது ஓர் அறநிலை என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

நாசிகள் நடத்திய யூத இனப்படுகொலையைப் பற்றிய குளோட் லான்ஸ்மனின் ‘ஷோவா’ (1985) வேறொரு வழியைத் தேர்ந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் அப்படத்தில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட இல்லை, பிணக்குவியல் இல்லை. இன்று புல் முளைத்திருக்கும் இடங்களும், தப்பியவர்களின் முகங்களும் பேச்சுமே இருக்கின்றன. ட்ரெப்ளிங்கா முகாமில் சாகப் போகும் பெண்களின் தலைமயிரை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆபிரகாம் பொம்பா, ஒரு சலூனில் ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே தம் கதையைச் சொல்கிறார். ஓர் இடத்தில் அவரால் பேச முடியவில்லை. கமரா வெட்டப்படாமல் காத்திருக்கிறது. சொல்லியே ஆகவேண்டும் என்று இயக்குநர் வற்புறுத்துகிறார். இதைக் கொடுமை என்பாரும் உண்டு, சாட்சியத்தின் கடமை என்பாரும் உண்டு. சலூனையும் கத்தரியையும் இயக்குநரே ஏற்பாடு செய்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

2009இன் பதிவுகளுக்கு இவ்வளவையும் நேரே பொருத்திவிட முடியாது. 2011இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம், சிக்குண்ட மக்களும் படையினரும் கையடக்கத் தொலைபேசிகளிலும் சிறு கமராக்களிலும் எடுத்த காட்சிகளைச் சேர்த்தது. அக்காட்சிகளின் முதற் பணி சான்றாக நிற்பது. சான்றைக் கலையென்று மதிப்பிடத் தேவையில்லை. ஆனால் அதே துண்டுகளை எடுத்துப் பின்னணி இசை சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, நினைவு நாளுக்கென்று வெளியிடும் ஒளித்தொகுப்புகளுக்கு ரிவெட்டின் கேள்வி முழுமையாகப் பொருந்தும். இறந்தவரின் உறவினர் இதைத் தற்செயலாகக் காணக்கூடும் என்ற நினைவு அத்தொகுப்பைச் செய்தவருக்கு இருந்ததா? இருந்திருந்தால் எந்த இடத்தில் அவர் வெட்டியிருப்பார்? என்னுடைய கருத்தில், முள்ளிவாய்க்காலைப் பற்றிய நல்ல படம் ஒன்று வருமானால், அது காட்டாமல் விடுவதைக் கவனமாகத் தேர்ந்த படமாகவே இருக்கும்.

பெண்ணிய விமர்சனம் நம் படங்களுக்கு என்ன சொல்கிறது?

லோரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையில், ஹொலிவூட் மரபுப் படங்களில் கமராவும் ஆண் பாத்திரமும் பார்வையாளரும் ஒரே பக்கத்தில் நின்று பெண்ணைப் பார்க்கிறார்கள், அவள் பார்க்கப்படும் பொருளாக மட்டும் நிற்கிறாள் என்று வாதிட்டார். ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வை அவர் கையாண்ட விதத்தைப் பலர் மறுத்துள்ளனர். அடிப்படை அவதானம் நிலைத்துவிட்டது. தமிழ்ப் பாட்டுக் காட்சிகளில் கமரா காலிலிருந்து ஏறுவதைக் கண்டவருக்கு இதற்கு உதாரணம் தேடவேண்டியதில்லை.

வன்னியைக் காட்டும் ஆவணப்படங்களில் இது வேறு உருவில் வருகிறது. கணவனை இழந்து வீட்டைத் தாங்கும் பெண் எப்போதும் கண்ணீரோடு, அண்மைக்காட்சியில், வாசற்படியில் இருத்திக் காட்டப்படுகிறாள். அவள் வயல் வரம்பில் உரமூட்டையின் விலையைப் பேசி வாங்குவதையோ, கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கணக்குக் கேட்பதையோ எவரும் எடுப்பதில்லை. அழும் முகம் படத்துக்கு விலைபோகிறது.

இலங்கைத் தமிழ்ப் படங்கள் என்று படிப்பதற்கு ஏதேனும் உண்டா?

உண்டு, ஆனால் கையிற் கிடைப்பது குறைவு. 1962இல் ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றரில் வந்தது. 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ ஆகியவை முக்கியமானவை. ‘பொன்மணி’ வசூலில் தோற்றது. சாதியையும் குடும்பக் கௌரவத்தையும் நிதானமான கண்ணோடு பார்த்தமையால் இன்று அதற்கு மதிப்பு உயர்ந்திருக்கிறது. 1983 யூலை வன்செயலில் திரைப்படக் கலையகமும் திரையரங்குகளும் எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச்சுருள்கள் அழிந்துபோயின. ஆகவே நம்முடைய திரை வரலாற்றை எழுதுபவர் பல இடங்களில் படத்தைப் பார்க்காமல் விளம்பரத்தையும் பழைய விமர்சனத்தையும் நம்பியே எழுதுகிறார்.

கையடக்கத் தொலைபேசியில் பார்த்தால் போதாதா?

கதைக்குப் போதும். முன்னாலுள்ளதும் பின்னாலுள்ளதும் ஒரே தெளிவோடு தெரியும் ஆழ்புலக் காட்சியில் பின்னால் நிற்பவரின் முகத்தை அந்தச் சிறு திரையில் காண முடியாது. வெள்ளைச் சுவரும் ஒரு வாடகைப் புரொஜெக்டரும் கிடைத்தால் அதுவே மேல்.

ஊரில் படம் பார்த்துப் பேசும் வட்டம் ஒன்றை எப்படித் தொடங்குவது?

ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாவில் 1947இல் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியபோது அவர்களிடமும் பெரிய வசதி இருக்கவில்லை. சனசமூக நிலையமோ பொதுநோக்கு மண்டபமோ போதும். படத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறுவது முதல் வேலை. குறுகிய படத்தில் தொடங்குங்கள். நீண்ட படமானால் பேச்சுத் தொடங்குமுன் கடைசி பஸ் போய்விடும். படம் முடிந்தவுடன் “எப்படி?” என்று கேட்டால் “நல்லம்” என்பதே விடையாக வரும். ஒரே காட்சியைத் திரும்பப் போட்டு, ஒலியை நிறுத்தி ஒரு தடவை, படத்தை மறைத்து ஒலியை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள். வாய் திறக்காத மாணவர்களும் அப்போது பேசத் தொடங்குவார்கள்.

இதைப் பாடமாகப் படிக்க வழியுண்டா?

க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஆகிய பாடங்கள் அடித்தளம் தருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை உள்ளது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய்வருவதும் ஒரு படிப்பே.

எங்கள் ஊர்ப் பிள்ளை எடுத்த குறும்படத்தைப் பற்றி எழுதவேண்டும். குறை சொன்னால் மனம் நோகாதா?

நோகும். அதற்காகப் புகழ்ந்துவிட்டால் அடுத்த படமும் அப்படியே வரும். “கருப்பொருள் அருமை” என்ற வாக்கியத்தை முதலில் நீக்குங்கள். நம் துயரத்தைக் கருப்பொருளாக எடுத்ததற்கு மட்டும் புள்ளி கொடுப்பது அந்தப் பிள்ளையைக் கலைஞராக மதிக்காத செயல். படத்தில் உயிருள்ள ஒரு காட்சித்துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, அது ஏன் உயிரோடிருக்கிறது என்று விரிவாக எழுதுங்கள். பிறகு வேலைசெய்யாத ஒரு காட்சியை எடுத்து, கமரா எங்கே நின்றிருந்தால், எந்த விநாடியில் வெட்டியிருந்தால் அது எழுந்திருக்கும் என்று குறிப்பிடுங்கள். பிரசுரிப்பதற்கு முன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதிலும் தவறில்லை; தீர்ப்பை மாற்றும்படி கேட்டால் மாற்றவேண்டாம், நீங்கள் ஒரு காட்சியைத் தவறாக விவரித்திருந்தால் அதை மட்டும் திருத்துங்கள்.